இருபது கிலோ சில்லறையில் அச்சுப் பிழை தேடிய கதை

கிடைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய இருபது கிலோ நாணயம் புரட்டியதில் அச்சு (நாணயத்தில் வடிவத்தை அடிக்கும் உலோகக் கட்டை) திரும்பிப்போன ஐந்து ரூபாய் சில, விளிம்பு வெட்டுப்பட்ட ஐந்து ரூபாய் ஒன்று, அச்சு உடைந்து ஓரத்தில் உலோகம் கட்டியாக நிற்கும் ஒரு ரூபாய் ஒன்று, நடுவிலிருந்து கொஞ்சம் விலகி அடிபட்ட இரண்டு ரூபாய் ஒன்று. எழுத்து பாதி விழாதவை ஒரு கைப்பிடி தேறும். இரண்டு பக்கமும் வேறு வேறு மதிப்புக்குரிய அச்சு விழுந்த நாணயமோ, ஒரே பக்கம் கண்ணாடி பிம்பமாகக் குழிந்து விழுந்ததோ வரவில்லை. வரும் என்று நினைத்து யாரும் உட்கார வேண்டாம்.

நாணயம் எங்கே பிடித்தேன்

தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நாணயம் மூட்டையாகக் கிடைப்பது கஷ்டமே இல்லை. எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். "ரொம்ப நாளா கெடக்கு தம்பி. பஸ்ல வாங்க மாட்டேங்கிறான், லைன் வண்டிக்காரனும் வாங்க மாட்டேங்கிறான். நோட்டாக் குடுத்தாப் போதும், எடுத்துட்டுப் போங்க." மேலே பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் போலி என்ற வதந்தி இன்னும் சாகவில்லை. ரூபாய் குறியீடு வந்த பிறகு அடித்ததில் பத்துக் கோடு, அதற்கு முந்தையதில் பதினைந்து, அவ்வளவுதான் விஷயம். பத்து ரூபாயில் பதினான்கு வடிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. கடைத்தெருவுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. எனக்கு அது வசதியாகிவிட்டது.

ஐந்து ரூபாய் டீக்கடையிலிருந்து வந்தது. ஒன்று, இரண்டு ரூபாய்கள் கோயில் வாசலில் பூ விற்கும் அக்காவிடம். மொத்தம் பத்து ரூபாய் நாணயம் ஆயிரம், ஐந்து ரூபாய் ஆயிரத்து ஐந்நூறு, ஒன்றும் இரண்டும் கலந்து ஒரு ஆயிரம். பத்தொன்பதாயிரம் ரூபாய் அதில் முடங்கியது. செலவு இல்லை, திரும்பி வரும் பணம்தான். ஆனால் திரும்பி வருவது எவ்வளவு பாடு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கருவிகள்

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ், 350 ரூபாய். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, 550. பிளாஸ்டிக் வெர்னியர், 180. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், காசில்லை. கழுத்து வளையும் மேஜை விளக்கு வீட்டில் இருந்தது. பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸ் கோணமானி. மேஜையில் விரிக்க ஒரு கறுப்பு வெல்வெட் துண்டு. நாணயத்தை நடுவில் வைத்து மூடி ஸ்டேப்ளர் அடிக்கும் அட்டைகள் ஐம்பது, 150 ரூபாய்.

பிறகு ஆசைப்பட்டு யுஎஸ்பி மைக்ராஸ்கோப் ஒன்றும் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். அது தண்டம். நாணயத்தைத் தேடும்போது அதை எடுக்கவே தோன்றாது. கிடைத்ததைப் படம் பிடிக்க மட்டும் ஆகும்.

விளக்கை எப்போதும் இடதுபக்கம், மேஜைக்குத் தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாற்றாதீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்ணுக்குப் பழகாவிட்டால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். இந்த வேலையில் அது இரண்டும்தான் எல்லாமே: அச்சில் விரிசல் விட்டிருந்தால் நாணயத்தில் கோடு மேடாக நிற்கும், வெளியே யாரோ கீறியிருந்தால் கோடு பள்ளமாக இருக்கும்.

எண்ணுவதும் பிரிப்பதும்

எண்ணுவதற்குச் சமையலறைத் தராசு போதும். பத்து ரூபாய் ஒன்று 7.71 கிராம், நூறு போட்டால் 771. 2019 முதல் வந்த தானியக்கதிர் வடிவம் 7.74 கிராம். இரண்டும் கலந்திருந்தாலும் நூற்றுக்கு மூன்று கிராம்தான் தள்ளும், அரை நாணயம் எடைகூட இல்லை, எண்ணிக்கை தப்பாது.

ஐந்து ரூபாயில் இந்தத் தந்திரம் பலிக்காது. 2004 வரை வந்த கனத்த வெள்ளை ஐந்து ரூபாய் 9 கிராம். அதன்பின் வந்த எஃகு ஐந்து ரூபாயும் அதற்கடுத்த மஞ்சள் ஐந்து ரூபாயும் 6 கிராம். தானியக்கதிர் போட்டது 6.74. எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கும்போது தராசு சொல்லும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வடிவம் வாரியாகக் குவியல் போட்ட பிறகுதான் எடை.

அடுத்து ஆண்டுக்குக் கீழே பார்த்து நாணயச்சாலை வாரியாக. வைரம் போலச் சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. இது சலிப்பான கட்டம், ஆனால் தாண்டக் கூடாது. ஒரே ஆண்டு, ஒரே சாலை நாணயம் நாற்பது பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் வித்தியாசமான ஒன்று தானாகவே கண்ணில் குத்தும். கலந்து பார்த்தால் எல்லாமே வித்தியாசமாகத் தெரியும்.

பிரிக்கும்போது வெளிநாட்டில் அடித்தவையும் வரும். 1999 ஆண்டு போட்ட கனத்த ஐந்து ரூபாய் ஒன்றில் நான்கு சாலைக்குறிகளுக்கும் பொருந்தாமல் குட்டி ரஷ்ய எழுத்துகள் இருந்தன. அது மாஸ்கோ நாணயச்சாலையின் முத்திரை. அந்தக் காலத்தில் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக வெளிநாடுகளில் அடித்து இறக்கினார்கள். பிழை இல்லை, வகை. அதைத் தனி அட்டையில் போட்டேன். 2009இன் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய், 2010இன் தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டு ஐந்து ரூபாய் இரண்டும் டீக்கடை மூட்டையில் வந்தன. அண்ணாவின் தமிழ்க் கையெழுத்து உள்ள நாணயத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறோம், யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

எடை பார்த்து வீணான நேரம்

ஆரம்பத்தில் ஒவ்வொரு நாணயத்தையும் தராசில் வைத்தேன். வேறு நாணயத்துக்கான வில்லையில் (அச்சு விழுவதற்கு முந்தைய வெறும் உலோக வட்டு) அடித்தது சிக்கும் என்பது எண்ணம். ஐந்நூறைத் தாண்டியபோது நிறுத்திவிட்டேன். நம் நாணயங்களில் எடையை மட்டும் நம்ப முடியாது. 1992 முதல் 2004 வரையிலான எஃகு ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011 வரிசையின் இரண்டு ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். எஃகு ஐந்து ரூபாயும் அதன்பின் வந்த மஞ்சள் ஐந்து ரூபாயும் இரண்டுமே 23 மில்லிமீட்டர், 6 கிராம். ஒன்றின் வில்லை இன்னொன்றுக்குப் போனால் தராசு வாயே திறக்காது.

காந்தம் ஒரு நொடியில் சொல்லிவிடும். எஃகு ஒட்டும், கனத்த வெள்ளை ஐந்து ரூபாயும் மஞ்சள் ஐந்து ரூபாயும் ஒட்டாது. குவியல் மேல் காந்தத்தைத் தடவிக்கொண்டு போனால் ஒட்டக்கூடாத குவியலில் எது ஒட்டுகிறது என்று பார்த்துவிடலாம். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. இப்போது தராசு சந்தேகப்பட்ட நாணயத்துக்கு மட்டும்.

திருப்பிப் பார்ப்பது

பலன் வந்தது இங்கேதான், இதற்குக் கருவியே வேண்டாம். நம் நாணயத்தில் பூவும் தலையும் ஒரே திசையில் நேராக நிற்கும். சிங்க முகத்தை நேராக வைத்து, உச்சியையும் அடியையும் இரண்டு விரலால் பிடித்து, கதவு திறப்பதுபோல் இடவலமாகத் திருப்ப வேண்டும். பின்பக்க எண்ணும் நேராக நின்றால் சரியான நாணயம். சாய்ந்தோ படுத்தோ தலைகீழாகவோ நின்றால் இயந்திரத்தில் ஒரு பக்க அச்சு இளகித் திரும்பியிருக்கிறது, இல்லையென்றால் பொருத்தும்போதே கோணலாக மாட்டியிருக்கிறார்கள்.

கை பழகிவிட்டால் ஒரு நாணயத்துக்கு இரண்டு நொடி. டீவி பார்த்துக்கொண்டே செய்யலாம். சின்னச் சாய்வு நிறைய வரும். பதினைந்து டிகிரிக்குக் கீழே நான் எடுத்து வைப்பதில்லை, அதையெல்லாம் சேர்த்தால் அட்டை வாங்கியே ஓட்டாண்டியாக வேண்டியதுதான்.

கோணம் அளக்க இப்படிச் செய்தேன். அட்டையில் நாணயத்தை வைத்து, சிங்கத்தின் நட்டநடு வழியாக மேலும் கீழும் பென்சில் கோடு. அட்டையை இடவலமாகத் திருப்பி, அதே இடத்தில் பின்பக்கமும் ஒரு கோடு. இப்போது பின்பக்க எண்ணின் உச்சி அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கோணமானியால் பார்த்து, வலமா இடமா என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். கிடைத்ததில் பெரியது ஏறத்தாழ 90 டிகிரி, மஞ்சள் ஐந்து ரூபாய்: சிங்கம் நிற்கிறது, திருப்பினால் ஐந்து படுத்துக் கிடக்கிறது. அதே ஆண்டு, அதே சாலையில் இன்னொன்றும் கிட்டத்தட்ட அதே கோணத்தில் வந்தது. ஒரே அச்சு ஒரே ஷிப்டில் போட்டதாக இருக்கலாம் என்று இரண்டையும் ஒரே அட்டை வரிசையில் வைத்திருக்கிறேன்.

அந்த வெட்டு நாணயம்

மஞ்சள் ஐந்து ரூபாய்க் குவியலில் விரல் ஓட்டும்போது ஒன்று உருளாமல் தட்டியது. கடிகாரத்தில் நான்கு மணி இருக்கும் இடத்தில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு இல்லை. யாராவது அரம் போட்டு ராவியிருக்கலாம் என்பதுதான் முதல் நினைப்பு. எடை 5.63 கிராம், இருக்க வேண்டியது 6. எடை குறைவதால் ஒன்றும் நிரூபணமாகாது, அரம் போட்டாலும் குறையத்தானே செய்யும்.

அதனால் வெட்டுக்கு நேர் எதிரே, பத்து மணி இடத்தை லென்ஸில் பார்த்தேன். அங்கே விளிம்பு மேடு மெலிந்து, ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய தட்டையாகிவிட்டிருந்தது. உண்மையான வெட்டுக்கு இதுதான் சாட்சி. உலோகத் தகட்டில் வில்லை குத்தி எடுக்கும்போது, பூரி மாவில் டம்ளரால் வட்டம் போடுகிறவர் கை தவறி முந்தைய ஓட்டை மேல் டம்ளரை ஏற்றினால் எப்படிப் பிறை விழுந்த பூரி வருமோ, அப்படித்தான் இந்த வில்லை வருகிறது. பிறகு விளிம்பை மேடாக்க வில்லையை இரண்டு பக்கமும் நெருக்கி உருட்டுகிறார்கள். வெட்டுப்பட்ட இடம் அந்த நெருக்கலுக்குள் வரும்போது அங்கே பிடிமானம் இல்லை, எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழுவதில்லை. அங்கே விளிம்பு எழும்பாமல் போகிறது. வீட்டில் அரம் வைத்து ராவுகிறவனால் எதிர்ப்பக்க விளிம்பை இப்படி மெலிய வைக்க முடியாது.

இன்னொன்றும் பார்த்தேன். வெட்டின் ஓரத்தில் உள்ள எழுத்துகள் துண்டாக அறுபடவில்லை, வெட்டை நோக்கிக் கொஞ்சம் இழுபட்டுக் குழைந்திருந்தன. அடிக்கும்போதே அங்கே காலியிடம் இருந்திருக்கிறது, உலோகம் அதற்குள் ஓடப் பார்த்திருக்கிறது. அரம் போட்டால் எழுத்து கத்தியால் அறுத்ததுபோல் நிற்கும், கோடு கோடாக ராவின தடமும் இருக்கும்.

இரட்டை எழுத்து மோகம்

வீடியோ போடுகிறவர்கள் லென்ஸைக் கையில் எடுத்ததும் தேடச் சொல்வது இரட்டை எழுத்து. ஆண்டின் எண் இரண்டாகத் தெரிந்தால் லட்ச ரூபாய் என்று தலைப்பு வைப்பார்கள். எனக்கும் ஒரு மாலை முழுக்க இதில் போனது, எஃகு ஒரு ரூபாயில் பாதிக்குப் பாதி இரட்டையாகத் தெரிந்தது. இத்தனை நாணயத்தில் தெரிந்தாலே அது ஒன்றுமில்லை என்று அர்த்தம். அடித்த கணத்தில் அச்சு லேசாக ஆடி எழுத்தின் பக்கத்தைத் தட்டிவிட்டுப் போவதால் வரும், படிக்கட்டு போன்ற தடம் அது. தாழ்வாக, தட்டையாக, பளபளப்பாக, எழுத்தையே ஒல்லியாக்கிக்கொண்டு கிடக்கும். அச்சிலேயே இரட்டை விழுந்திருந்தால் இரண்டு எழுத்தும் ஒரே உயரத்தில் உருண்டையாக, எழுத்தின் முனைகள் பிளவுபட்டு இருக்கும். அப்படி ஒன்றுகூட வரவில்லை.

புள்ளி இல்லாத நொய்டாவும் இதே கதைதான். அச்சின் குழியில் எண்ணெயும் தூசும் அடைத்துக்கொண்டால் அந்தப் புள்ளி விழாது. கொல்கத்தா நாணயம் என்று அந்தக் குவியலில் போட்டுவிடுவோம். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மிக லேசான மேடு தென்படும்.

பத்து ரூபாயின் நடுவட்டம்

அண்ணாச்சி டின்னில் ஒரு பத்து ரூபாய் இருந்தது: மஞ்சள் வளையம் ஒரு பக்கம், நடுவட்டம் மறுபக்கம் என்று மாறி, சிங்கம் இருக்க வேண்டிய பக்கத்தில் பின்பக்கத்து நடு. இதைத்தான் இணையத்தில் அபூர்வம் என்று விற்கிறார்கள். நாணயச்சாலையில் இது நடக்கவே வழியில்லை. வளையமும் நடுவட்டமும் எந்த வடிவமும் இல்லாத வெறும் உலோகமாகத்தான் இயந்திரத்துக்குள் போகின்றன, ஒரே அடியில் இரண்டிலும் வடிவம் விழுந்து, அந்த அடியிலேயே ஒன்றோடொன்று இறுகுகின்றன. வடிவம் விழுந்த நடுவட்டம் மட்டும் தனியே திரும்ப அங்கே நேரமில்லை. வெளியே யாரோ சுத்தியலால் தட்டிக் கழற்றி, திருப்பிப் போட்டுத் தட்டியிருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் இணைப்புக் கோட்டில் புதுச் சிராய்ப்பு, நடுவட்டத்தில் நசுங்கல், ஜன்னலுக்கு நேரே பிடித்தால் ஒரு ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது. விரலால் அழுத்தினால் லேசாக ஆடவும் செய்தது.

நாணயத்தை உருக்குவதோ சிதைப்பதோ 2011 நாணயச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். பழைய நாணயம் வாங்குகிறோம், ரிசர்வ் வங்கி அனுமதி, முன்பணம் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம் என்று 2021இல் ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. என் நாணயங்களைப் படம் போட்ட மறுநாளே அப்படி ஒரு அழைப்பு வந்தது. "கமிஷன் மட்டும் அனுப்புங்க சார்" என்றார். வைத்துவிட்டேன்.

திருப்பிக் கொடுப்பது

மிச்சமானதைக் கட்டப் போன வங்கிக் கிளையில், "இவ்வளவு சில்லறை எண்ண ஆள் இல்லை" என்றார்கள். எடை போட்டோ, நூறு நூறாகப் பாலிதீன் உறையில் போட்டுக் கொண்டுவந்தாலோ வாங்கிக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது என்று சொன்னதும் மேலாளர் உள்ளே கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து உறை போட்டு, ஒவ்வொன்றின் மேலும் வகையும் எடையும் எழுதி, பகுதி பகுதியாகக் கொண்டுபோய்க் கட்டினேன். ஆட்டோ செலவு 240 ரூபாய். ஐந்து ரூபாய் நாணயத்தை டீக்கடையிலேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அவர்களுக்குச் சில்லறை எப்போதும் தேவை.

கழுவுவது, வைப்பது

அழுக்கு நாணயத்தைப் பார்த்தால் கை புளியைத் தேடும். மஞ்சள் நாணயத்தில் புளியோ எலுமிச்சையோ போட்டால் மேற்பரப்பில் உள்ள துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் ஏறிவிடும், பிறகு அதை யாரும் வாங்க மாட்டார்கள். மிதமான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தேன். வழவழப்பான பிவிசி உறைகள் உள்ள ஆல்பமும் வேண்டாம், கொஞ்ச காலத்தில் பச்சைப் பிசுக்கு கசிந்து நாணயத்தில் ஒட்டிக்கொள்ளும். அட்டையே போதும்.

மைக்ராஸ்கோப் உட்பட மொத்தம் 2,670 ரூபாய் ஆயிற்று. ஒரு நாணயக் கண்காட்சியில் அச்சு திரும்பிய இரண்டை மொத்தம் 400 ரூபாய்க்குக் கேட்டார்கள். 90 டிகிரி ஜோடியைக் கொடுக்கவில்லை, சின்னக் கோணம் ஒன்றை 150க்குக் கொடுத்தேன். வெட்டு நாணயத்தை யாரிடமும் காட்டக்கூட இல்லை.

அடுத்த மூட்டைக்குப் பத்து ரூபாய் வேண்டாம். நடுவட்டம் மாற்றியது ஒன்றைத் தவிர அதில் ஆயிரம் புரட்டியும் ஒன்றும் தேறவில்லை, பணமும் அதிகமாக முடங்குகிறது. ஐந்து ரூபாயும் பழைய ஒரு ரூபாயும்தான் எடுப்பேன். வரிசையும் மாறும்: முதலில் வடிவம், சாலை, பிறகு காந்தம், பிறகு திருப்பிப் பார்ப்பது, அப்புறம் விரலால் விளிம்பு, லென்ஸ் கடைசியில், ஒதுக்கி வைத்தவற்றுக்கு மட்டும். தராசுக்கு ஒரு 10 கிராம் படிக்கல் வாங்க வேண்டும். பேட்டரி இறங்கும்போது இது 0.04 கிராம் வரை கூட்டிக் காட்டுகிறது.